சாராய மூடிகளால் நெய்த சுவர்: எல் அனாட்சுயி – ஒரு நிகழ்வு ஆய்வு

கழிபொருள்களைக் கொண்டு செய்யும் கலைக்கு இப்போது பஞ்சமில்லை. கடற்கரையில் பிளாஸ்டிக் பாட்டில்களை வயிற்றில் அடைத்த மீன், பூங்காவில் சைக்கிள் செயினால் யானை, கல்லூரி விழாவில் பழைய குறுந்தகடுகளால் மயில் என எங்கும் பார்க்கிறோம். டெல்லியில் சராய் காலே கான் அருகே 2019இல் திறக்கப்பட்ட பூங்காவில் சுமார் 150 டன் பழைய இரும்பைக் கொண்டு தாஜ்மகால், ஈபிள் கோபுரம் உள்ளிட்ட ஏழு உலக அதிசயங்களின் மாதிரிகளை எழுப்பியிருக்கிறார்கள். அதிலுள்ள உழைப்பையும் கைத்திறனையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அத்தகைய படைப்பின் முன் நிற்கும்போது "இதை எதில் செய்தார்கள்?" என்பதோடு நம் கேள்வி தீர்ந்துவிடுகிறது. பதில் தெரிந்ததும் வியந்துவிட்டு நகர்கிறோம். அந்த இரும்பு எந்தப் பட்டறையில் இருந்தது, யார் கை பட்டது, ஏன் வீசப்பட்டது என்று கேட்க அந்தக் கோபுரம் நம்மைத் தூண்டுவதில்லை. சிமெண்டில் கட்டியிருந்தாலும் அது அதே ஈபிள் கோபுரம்தான்.

கழிபொருள் கலையில் பொருளின் பூர்வீகம் அழியாமல் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது எப்படிச் சாத்தியம் என்பதைக் காட்ட எல் அனாட்சுயியைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இந்தச் சிற்பி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர். அந்தப் பொருள், சாராய பாட்டிலின் அலுமினிய மூடி.

மூடிக்கு முன்

அனாட்சுயி 1944இல் அன்றைய கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா), வோல்டா பகுதியைச் சேர்ந்த அன்யாகோ என்ற ஊரில் பிறந்தார். 32 பிள்ளைகளில் கடைசி. தந்தை மீன் பிடிப்பவர். கெந்தே துணி நெய்பவரும்கூட. கெந்தே என்பது தறியில் குறுகிய நாடாக்களாக நெய்து, பிறகு ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து அகலமாக்கும் துணி. சிறு துண்டுகளைக் கூட்டிப் பெரும்பரப்பாக்கும் வேலை அந்த வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து நேராக மூடித் துணிகளுக்குத் தாவுவது சரியல்ல. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு வேலை இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

குமாசியில் இருந்த அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் அவர் 1960களின் இறுதியில் படித்தபோது பாடத்திட்டம் முழுக்க ஐரோப்பியக் கலை. படிப்பு முடிந்து வின்னேபாவில் ஆசிரியராக இருந்த காலத்தில் சந்தைக்குப் போய் வட்டமான மரத் தட்டுகளை வாங்கினார். கானாவில் சிறு வியாபாரிகள் சரக்கைப் பரப்பி வைக்கும் தட்டுகள் அவை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவற்றில் சுட்டுச் சுட்டு, கானாவின் அக்கான் மக்களின் மரபுச் சின்னங்களான அடிங்க்ரா குறியீடுகளைப் பதித்தார். பளிங்கும் வெண்கலமும் கற்றுவந்தவர் சந்தைத் தட்டைக் கையில் எடுத்தது அன்றைய சூழலில் சிறிய முடிவல்ல.

1975இல் நைஜீரியாவின் என்சுக்காவுக்கு வந்தார். அங்குள்ள பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரான பயாஃப்ரா போரில் சீர்குலைந்து மீண்டு வந்துகொண்டிருந்தது. கலைத்துறையில் உச்சே ஒகேகே போன்றவர்கள், இக்போ பெண்கள் உடலிலும் சுவரிலும் வரையும் உலி கோலங்களிலிருந்து ஒரு நவீன மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் வெளியூர்க்காரராகச் சேர்ந்த அனாட்சுயி 2011இல் ஓய்வு பெறும்வரை அதே துறையில் சிற்பம் கற்பித்தார்.

என்சுக்காவில் முதலில் அவர் கையிலெடுத்தது உடைந்த பானைகளை. மேற்கு ஆப்பிரிக்காவில் பானை உடைந்தாலும் அதன் வேலை முடிவதில்லை. ஓடு வேறொரு காரியத்துக்குப் போகும், சில சமயம் வழிபாட்டு இடத்துக்குப் போகும். 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தங்கி வேலை செய்தபோது மின்ரம்பம் கைக்கு வந்தது. பலகைகளைப் பக்கவாட்டில் அடுக்கி, ரம்பத்தால் கிழித்து, தீயால் கருக்கிச் செய்த மரப் படைப்புகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. அந்தப் பலகைகளின் வரிசையை மாற்றி அடுக்கலாம். 'வடிவம் நிலையாக இருக்க வேண்டியதில்லை' என்ற எண்ணம் மூடிகளுக்கு வெகு முன்பே அவரிடம் வேர்விட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

அடுத்து உலோகம். 1999இல் கெட்டிப்பால் டின்களின் மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்து, தரையில் குவியல் குவியலாக எழும் விரிப்புகளைச் செய்தார். 2000இல் மரவள்ளிக்கிழங்கு துருவும் தகடுகளால் ஒரு சுவர். அந்தத் துருவியை யாரும் கடையில் பளபளவென்று வாங்குவதில்லை. தகரத் தகட்டில் ஆணியால் வரிசையாகத் துளையிட்டு உள்ளூரிலேயே செய்வார்கள். கிழங்கின் ஈரம் பட்டுப் பட்டுத் துருவேறி, பற்கள் மழுங்கியதும் வீசுவார்கள். இத்தனை வீடுகளின் உணவு கடந்துபோன துளைகளைச் சுவராக நிறுத்தியதுதான் அந்தப் படைப்பு.

பை கிடைத்தது

1998 வாக்கில் என்சுக்கா அருகே புதரில் ஒரு பை கிடைத்தது. அதில் மதுபாட்டில் மூடிகள். நைஜீரியாவில் பாட்டிலைச் சேகரித்துக் கழுவி மறுபடி நிரப்புகிறார்கள். திறந்த மூடிக்கு மறுவாழ்வு கிடையாது. அனாட்சுயி உடனே எதையும் செய்துவிடவில்லை. பை பல மாதம் பணிக்கூடத்தில் கிடந்தது. பிறகே தட்டி நிமிர்த்தி, துளையிட்டு, கம்பியால் கோத்துப் பார்த்தார். உலோகம் துணியைப் போல மடிந்து விழுந்தது.

அப்படி உருவான முதல் பெரிய படைப்புகள் 'ஆணின் துணி', 'பெண்ணின் துணி' என்ற இரண்டு. அவை லண்டனில் காட்சிக்கு வந்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டன. 2003இல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோவில் தொடங்கிய 'காவு' (Gawu) என்ற கண்காட்சி பல நாடுகளுக்குப் பயணம் போனது. 2007இல் வெனிஸில் நடந்த பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக்கண்காட்சிதான் உலகம் திரும்பிப் பார்த்த தருணம். ஆர்செனாலே கூடத்தில் இரண்டு பிரம்மாண்டமான தொங்கல்கள். ஊருக்குள் ஃபோர்ச்சூனி மாளிகையின் முகப்பின்மேல் இன்னொன்று. துணி வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்ச்சூனி வாழ்ந்து வேலை செய்த அந்தப் பழைய கட்டடத்தின் செங்கல் ஆங்காங்கே தெரியும்படி, கிழிசல்களோடு தொங்கியது அந்தத் தங்க நிறத் துணி. அப்போது அனாட்சுயிக்கு அறுபத்து மூன்று வயது. 2015இல் அதே பியனாலே வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை அவருக்கு வழங்கியது. 2017இல் ஜப்பானின் பிரீமியம் இம்பீரியாலே விருதும் வந்தது.

ஒரு மூடி என்ன ஆகிறது

இந்தப் படைப்புகளைத் தூரத்திலிருந்து புகைப்படத்தில் பார்ப்பவர்களுக்குத் தங்கப் பட்டு தெரியும். நான் சொல்ல விரும்புவது ஒரு கை தூரத்தில் தெரிவதை.

திருகு மூடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே வட்டமான தலை; அதைச் சுற்றி விரல் கணு அளவு உயரமான பக்கச்சுவர்; திறக்கும்போது பிய்ந்து பாட்டில் கழுத்திலேயே தங்கிவிடும் வளையம் கீழே. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நூலாகிவிடுகின்றன. பக்கச்சுவரை வெட்டித் தட்டினால் நீள்சதுரப் பட்டை. அதை அப்படியே கோத்தால் நெருக்கமான, வழுவழுப்பான பரப்பு கிடைக்கும். நீளவாக்கில் மடித்தாலோ முறுக்கினாலோ நிறம் உள்ளே போய் வெள்ளி விளிம்பு வெளியே வரும். தலையை வட்டமாகவே விட்டால் நாணயம் பதித்த பரப்பு, கசக்கினால் புடைப்பு. கழுத்து வளையங்களைக் கோத்தால் பின்னால் இருக்கும் சுவர் தெரியும் வலை. ஒரே மூடிக்கு மேல்பக்கம் சிவப்பு, உள்பக்கம் வெள்ளி. எனவே ஒரு பட்டையைத் திருப்பிப் போடுவதே ஒரு வண்ண முடிவு. இந்தப் படைப்புகளில் வண்ணப்பூச்சு கிடையாது. சாராய ஆலை எந்த நிறத்தில் மூடி அடித்ததோ அந்த நிறம்தான். அதனால்தான் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் பொன்னும் மிகுதி.

ஒவ்வொரு துண்டின் மூலைகளிலும் ஊசிமுனையால் துளை, துளை வழியாக மெல்லிய செம்புக் கம்பி, இரண்டு முறுக்கு. அவ்வளவுதான் தொழில்நுட்பம். பற்றவைப்பும் பசையும் இல்லை. அருகே போனால் எழுத்துகள் படிக்கக் கிடைக்கும். 'டார்க் செய்லர்' என்று ஒரு சாராயப் பெயர். 'எகோமாக்' என்று இன்னொன்று; அது லைபீரியா, சியரா லியோன் உள்நாட்டுப் போர்களுக்கு அனுப்பப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க அமைதிப்படையின் பெயர். ஊர்ச் சாராயக்கடையில் எதெல்லாம் பேச்சாக இருந்ததோ அதெல்லாம் மூடியில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயர்களை அனாட்சுயி சுரண்டி எடுப்பதில்லை. டெல்லிப் பூங்காவின் இரும்புக்கும் இந்த அலுமினியத்துக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது: இது தன் ஊரையும் தொழிலையும் தானே வாயைத் திறந்து சொல்கிறது.

மூடிகள் இப்போது ஆலைகளிலிருந்தும் சேகரிப்பவர்களிடமிருந்தும் மூட்டை மூட்டையாக வருகின்றன. பணிக்கூடத்தில் இளைஞர்கள் பலர் தரையிலும் பெஞ்சிலும் அமர்ந்து, நிறம் பிரித்து, தட்டி, கோத்து, கையளவிலிருந்து ஆளுயரம்வரை பாளங்களைச் செய்கிறார்கள். எந்தப் பாளம் எங்கே போகும் என்று முன்கூட்டியே வரைபடம் இல்லை. பாளங்களைத் தரையில் பரப்பி, மேலிருந்து படமெடுத்து, கணினித் திரையில் பார்த்து, இடம் மாற்றி, மறுபடி படமெடுத்து அனாட்சுயி சேர்க்கையை முடிவு செய்கிறார். தரையில் படுத்திருக்கும்வரை அது ஒரு வரைபடம். சுவரில் ஏறும்போதுதான் சிற்பமாகிறது.

சாராயமும் துணியும்

மூடி ஏன் இவ்வளவு பேசுகிறது என்பதற்கு வரலாற்றைத் தொட வேண்டும். கோல்டு கோஸ்ட் கரையில் போர்த்துக்கீசியர் எல்மினா கோட்டையை 1482இல் கட்டினார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் டச்சு, ஆங்கில, டேனிஷ் வணிகர்கள் அதே கரையில் கோட்டைகளை வரிசையாக எழுப்பி, பண்டம் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். கொடுத்த பண்டங்களில் துப்பாக்கியும் உலோகமும் துணியும் உண்டு, சாராயமும் உண்டு. வாங்கப்பட்டவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். கரும்புப்பாகிலிருந்து ரம் வடிந்தது. அந்த ரம்மின் ஒரு பகுதி மறுபடி ஆப்பிரிக்கக் கரைக்கே வந்து மேலும் மனிதர்களை வாங்கியது. மூடி என்ற சின்னஞ்சிறு தகட்டுக்குப் பின்னால் இருக்கும் சுழற்சி இது.

அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. காலனி அரசுகள் இறக்குமதிச் சாராயத்தின் சுங்க வருவாயில் நடந்தன. கள்ளிலிருந்து உள்ளூரில் வடித்த சாராயத்தைக் கள்ளச்சாராயம் என்று தடை செய்தன. மறுபுறம், ஐரோப்பாவிலிருந்து வந்த ஜின், முன்னோருக்கு நிலத்தில் ஊற்றும் சடங்குப் பானமாகவே நிலைத்துவிட்டது. அடிமைப்படுத்தியவன் கொண்டுவந்த பானம் முன்னோரை அழைக்கும் பானமாக மாறிவிட்டது. இப்படிப்பட்ட முடிச்சுகளை ஒரு சொற்பொழிவால் அவிழ்ப்பது கடினம். மூடிகளால் ஆன சுவர் அதை அவிழ்க்க முயல்வதுமில்லை. முடிச்சை முடிச்சாகவே வைக்கிறது.

துணி பற்றி ஒரு விஷயத்தைத் தமிழ் வாசகர்களிடம் சொல்லாமல் போக மனமில்லை. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கைமாறிய துணிகளில் கணிசமான பங்கு இந்தியத் துணி. அதில் சோழமண்டலக் கரையில் நெய்ததும் அடக்கம். புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி செனகல் கரைக்குக் கப்பல் கப்பலாகப் போனது. சென்னைப் பட்டணத்துக் கட்டம்போட்ட துணி நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்களின் வாழ்வோடு ஒன்றிவிட்டது. பிறப்பிலும் சாவுச் சடங்கிலும் அது வேண்டும். கலாபரிப் பெண்கள் அந்தத் துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. கட்டங்களில் குறிப்பிட்ட இழைகளைப் பிளேடால் வெட்டி உருவி எடுத்து, நெசவாளி நினைத்தேயிராத வேறொரு வடிவத்தை அந்தத் துணிக்குள்ளேயே உண்டாக்கினார்கள். வந்த சரக்கைத் தன்வயமாக்கும் அந்தக் கைவேலை, அனாட்சுயியின் நைஜீரியாவில் அவருக்கு முன்பே நடந்த ஒன்று. மூடித் துணியைப் பார்க்கும்போது நம் தறிகளும் அந்தக் கணக்கில் வருகின்றன என்பதை நாம் மறக்கக் கூடாது. நெய்தவருக்குத் துணி எங்கே, எதற்குப் போகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வரலாறு அறிந்த நாம் தெரியாதவர்போல் இருக்க முடியாது.

தொங்கவிடுபவரின் பங்கு

ஓர் அருங்காட்சியகம் அனாட்சுயியின் படைப்பை வாங்கினால் அது மடித்துக் கட்டிய பெட்டியில் வந்து சேரும். சுவரை நிறைக்கும் ஒன்று, துணிப்பொட்டலம் போல அடங்கிவிடும். எங்கே மடிப்பு விழ வேண்டும், எங்கே தொய்ய வேண்டும், எந்தப் பக்கம் மேலே என்ற கட்டளை கூடவே வராது. தொங்கவிடும் பணியாளர்கள் தங்கள் கண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டும். அடுத்த முறை வேறொரு அறையில் வேறு விதமாகத் தொங்கலாம். அவருடைய பிடிவாதமே இதுதான். நிலையான வடிவம் இல்லாமை என்பது அவருக்கு ஒரு கொள்கை.

கேட்க எளிது. நடைமுறையில் அருங்காட்சியக ஊழியர்களை இது கலங்கடிக்கிறது. அவர்களுடைய தொழிலின் அடிப்படையே 'கலைஞர் வைத்தபடி காப்பாற்று' என்பது. இங்கே வைத்தபடி என்று ஒன்று கிடையாது. செம்புக் கம்பி அறுந்தால் புதுக் கம்பி போடலாமா? அலுமினியம் கிழிந்தால் அது சேதமா, படைப்பின் இயல்பா? ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் விழும் புதிய கீறலை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? இவற்றுக்கு ஒரே விடை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

எந்த அறையில் வைப்பது என்பதும் சிக்கல். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய இரண்டு பெரிய படைப்புகளில் 2006ஆம் ஆண்டின் ஒன்று ஆப்பிரிக்கக் கலைப் பிரிவின் சேகரத்திலும், வெனிஸில் காட்டிய 'டுசாசா II' நவீன, சமகாலக் கலைப் பிரிவிலும் சேர்க்கப்பட்டன. ஒரே கை, ஒரே பொருள், ஓராண்டு இடைவெளி; ஆனால் இரண்டு துறை. ஆப்பிரிக்கக் கலைஞன் என்றால் மரபுப் பொருள்களோடு வைப்பதா, இன்றைய கலைஞர்களோடு வைப்பதா என்று மேற்கத்திய அருங்காட்சியகங்கள் தடுமாறியதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டாம்.

அவர் பொருளை இடத்துக்கேற்ப மாற்றிய சந்தர்ப்பங்களும் உண்டு. நைஜீரியச் செய்தித்தாள்கள் அச்சிட்டுத் தள்ளிய அலுமினியத் தகடுகளைக் கசக்கி ஆளுயரப் பைகளாகச் செய்திருக்கிறார். பக்கம் பக்கமாக இரங்கல் அறிவிப்புகள் அந்தத் தகடுகளில் இருந்தன. 2019இல் மியூனிக்கின் ஹவுஸ் தேர் குன்ஸ்ட் கட்டடத்தில் அவருடைய மிகப் பெரிய கண்காட்சி நடந்தது. நாஜிகள் தங்கள் கலைக்கொள்கையின் கோயிலாக எழுப்பி 1937இல் திறந்த கட்டடம் அது. அதன் தூண் வரிசையின் நீளம் முழுவதையும் பயன்படுத்திய அச்சுத் தகடுகளால் அலையாக மூடினார் அனாட்சுயி. ஓர் அரசின் ஆணவத்தைக் காட்டவே நிறுத்திய தூண்கள் பழைய செய்திகளுக்குப் பின்னால் போயின. அந்தக் கண்காட்சியைச் சிகா ஒகேகே-அகுலுவுடன் சேர்ந்து அமைத்தவர், நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேசர். 2015 வெனிஸ் பியனாலேயின் இயக்குநரும் அவரே. மார்ச் 8 அன்று கண்காட்சி திறந்தது. மார்ச் 15 அன்று என்வேசர் புற்றுநோயால் காலமானார். ஆப்பிரிக்கக் கலைக்கு உலக மேடையில் இடம் பிடித்துக் கொடுக்கப் போராடிய அவருடைய கடைசிப் பெரிய வேலை அது.

டர்பைன் கூடம், 2023

லண்டனின் டேட் மாடர்ன் ஒரு காலத்தில் மின் உற்பத்தி நிலையம். அதன் டர்பைன் கூடம் சுமார் 150 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். அனுமதி இலவசம். ஆண்டுதோறும் ஒரு கலைஞரிடம் அந்த வெற்றிடத்தை ஒப்படைக்கிறார்கள். பலர் அங்கே தோற்றிருக்கிறார்கள் என்பது என் கருத்து. கூடம் அவ்வளவு பெரிது, எதையும் பொம்மையாக்கிவிடும். 2023 அக்டோபர் 10 முதல் 2024 ஏப்ரல் 14 வரை அது அனாட்சுயியிடம் இருந்தது. 'சிவப்பு நிலவுக்குப் பின்னால்' என்று பெயர். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

மூன்று பகுதிகள். மேற்கு வாசலிலிருந்து சரிவில் இறங்கினால் முதலில் எதிர்கொள்வது காற்று நிரம்பிய கப்பல் பாய் போன்ற தொங்கல். ஒரு பக்கம் சிவப்பு மூடிகளில் வட்ட நிலவின் வடிவம், சந்திர கிரகணத்தின்போது சிவக்கும் நிலவு. அதைக் கடந்து திரும்பிப் பார்த்தால் மறுபக்கம் மஞ்சள். அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்கள் எந்தக் காற்றை நம்பிப் போயின என்பதை நினைக்காமல் அந்தப் பாயின் அடியில் நடக்க முடியாது.

இரண்டாவது பகுதி மேலே, வெறும் வெளியில். கழுத்து வளையங்களைக் கோத்த மெல்லிய வலையில் மனித உருவங்களை நினைவூட்டும் துண்டுகள் சிதறித் தொங்கின. நடந்துகொண்டிருக்கும்போது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் எல்லாம் கூடி ஒரே வட்டமாக, பூமிப் பந்தாகத் தெரியும். ஓரடி நகர்ந்தால் மறுபடி சிதறிவிடும். மூன்று பகுதிகளில் இதுவே என் மனத்துக்கு மிக நெருக்கமானது. பிடுங்கி எறியப்பட்டவர்களின் உலகம் ஒன்றுகூடிக் காண்பதற்கு ஓர் இடம் இருக்கிறது, அதைப் பார்ப்பவர்தான் நடந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்ல இவ்வளவு எளிய வழி வேறில்லை. கனமான பொருளையே கூட்டிக் குவித்துப் பெயர் பெற்றவர், அந்த ராட்சதக் கூடத்தின் நடுவில் வளையங்களையும் காற்றையும் மட்டும் நம்பினார்.

கடைசிப் பகுதி கறுப்புச் சுவர். கூரையிலிருந்து இறங்கித் தரையில் அலைகளாகவும் பாறை முகடுகளாகவும் குவிந்தது. முன்னால் நின்றால் ஒளியை விழுங்கும் கறுப்பு. பின்பக்கம் போனால் வெள்ளிப் பரப்பும் அதன்மேல் பல வண்ணத் துண்டுகளும். கறுப்பை முடிவாக அவர் வைக்கவில்லை. பின்னால் போகும் பொறுமை உள்ளவருக்கு வேறொன்று வைத்திருந்தார்.

டேட் என்ற பெயரே சர்க்கரையோடு வந்தது. ஹென்றி டேட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரை சுத்திகரிப்பில் ஈட்டிய பணம் அந்தப் பெயரில் முதல் கலைக்கூடத்தை எழுப்பியது. அவர் தொழில் தொடங்கும் முன்பே பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டுவிட்டது உண்மை. ஆனால் கரும்புத் தோட்டம், சர்க்கரைச் சந்தை, கப்பல் வழி என்று அந்தத் தொழிலின் கட்டமைப்பு முழுவதும் அடிமை உழைப்பின்மேல் எழுந்தது என்பதும் உண்மை. சர்க்கரைப் பெயர் தாங்கிய கட்டடத்துக்குள் சாராய மூடிகளைக் கொண்டுவந்து பாயாக ஏற்றியபோது, பொருளும் இடமும் ஒரே கணக்கின் வரவும் செலவுமாக நேருக்குநேர் நின்றன. வேறு எந்தக் கூடத்தில் தொங்கியிருந்தாலும் இந்தக் கூர்மை கிடைத்திருக்காது. கழிபொருள் கலையில் பொருளைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை பாதிதான் முடிகிறது. அது போய்ச் சேரும் இடமும் அந்தப் பொருளின் உறவாக இருக்கும்போது படைப்புக்குப் பலம் இரட்டிக்கிறது.

எனக்குள்ள இரண்டு மனத்தாங்கல்கள்

இந்தப் படைப்புகளின்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதனாலேயே இரண்டை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாவது, அழகு. பொன்னாக மின்னும் பரப்பு, பார்ப்பவரை அங்கேயே திருப்தியாக்கிவிடக் கூடியது. ஏலங்களில் அவருடைய படைப்புகள் பத்து லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கின்றன. பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் அது தங்கத் திரையாகத் தொங்கும்போது 'டார்க் செய்லர்' என்ற பெயரை யார் குனிந்து படிக்கப்போகிறார்கள்? இதற்கு அனாட்சுயியைப் பொறுப்பாக்க முடியாது. அழகு இல்லாமல் யாரும் அருகே வரவே மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காட்சிக்கு வைப்பவர்கள் பார்வையாளரைப் பத்தடி தூரத்தில் கயிறு கட்டி நிறுத்தாமல், எழுத்தைப் படிக்கும் தூரம்வரை வர விடுவது இந்தக் குறையைப் பெருமளவு போக்கும். ஒளியமைப்பும் அப்படியே, பளபளப்பைக் கூட்டும் விளக்கு எழுத்தைக் கொன்றுவிடுகிறது.

இரண்டாவது, கைகள். பல்லாயிரம் மூடிகளைத் தட்டிக் கோத்தவர்கள் என்சுக்காவின் இளைஞர்கள். அவர்களை அனாட்சுயி மறைத்ததில்லை. பணிக்கூடத்தின் புகைப்படங்களிலும் ஆவணப்படங்களிலும் அவர்கள் வேலை செய்வதைக் காணலாம். கூட்டு உழைப்பே தன் முறை என்பதும் அவர் பேசிவந்ததுதான். ஊதியம் தரும் தொழிலாக அது அந்த ஊரில் நடந்துவருகிறது. இப்போது கானாவின் தேமாவிலும் அவருக்கு ஒரு பெரிய பணிக்கூடம் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையில் கலைஞர் பெயர், ஆண்டு, 'அலுமினியம், செம்புக் கம்பி' என்ற மூன்று தகவல்கள்தான். வெண்கலச் சிற்பத்துக்கும் வார்ப்பவர் பெயர் போடுவதில்லையே என்று வாதிடலாம். அங்கே வார்ப்பவர் ஒரு வடிவத்தைப் பிரதி எடுக்கிறார். இங்கே ஒவ்வொரு முறுக்கும் ஒருவருடைய விரலின் தீர்மானம். முறுக்கின் இறுக்கம் மாறினால் மடிப்பு மாறுகிறது. ஒருவர் கோத்த பாளத்துக்கும் இன்னொருவர் கோத்ததற்கும் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசம்தான் பரப்புக்கு உயிர் தருகிறது. திரைப்படத்தின் முடிவில் ஒளி உதவியாளர் பெயர்வரை ஓடவிட நமக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் ஒரு கூடத்தை நிறைத்து நின்ற படைப்பின் பக்கத்தில் ஒரு பெயர்ப்பட்டியலை ஒட்ட, சுவரில் எத்தனை அங்குலம் தேவைப்படும்? டேட், மெட்ரோபாலிட்டன், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இதைத் தொடங்கினால், உள்ளூர்க் கைகளைக் கொண்டு பெரிய அளவில் வேலை செய்யும் மற்ற கலைஞர்களின் பணிக்கூடங்களிலும் அது வழக்கமாகிவிடும்.